எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாங்கின பிக்கப்

பழைய பிக்கப் வாங்கப் போகிற எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். பானெட்டைத் தூக்கி, சாவியைத் திருகி, எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் பஞ்சு மாதிரி இருந்தது. 2013 மாடல், பி.எஸ். 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு அளவு), கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சின், மஞ்சள் போர்டு. 2022 ஜூலையில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 3,25,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். "எஞ்சின்ல கையே வெக்கலீங்ணா, எடுத்துட்டுப் போயி லோடு ஏத்துங்க" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்கு இன்றுவரை பெரிய செலவு வைக்கவில்லை. முதல் பதினோரு மாதத்தில் கையைவிட்டுப் போன 1,13,100 ரூபாயும், வண்டி ஓடாமல் நின்ற 47 நாளும் எஞ்சினுக்குக் கீழேயும் ஆர்.சி. புக்குக்கு உள்ளேயும் ஒளிந்திருந்தன.

பிக்கப்பின் வயதை மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பார்கள், மீட்டரையே மாற்றியிருப்பார்கள். மீட்டர் உண்மையாகவே இருந்தாலும், கடைகளுக்கு பிஸ்கட் பெட்டி போட்டு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியும், சூளையிலிருந்து செங்கல் ஏற்றி அறுபதாயிரம் ஓடின வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பிஸ்கட் வண்டியைத்தான் எடுக்கணும். ஒரு செங்கல் மூன்று கிலோ பக்கம் வரும். ஆயிரம் கல் மூன்று டன். ஒன்றேகால் டன் வண்டியில் ஆயிரம் கல் ஏற்றுகிற ஆள் நம் ஊரில் இல்லாமலா இருக்கிறார்? என் வண்டியின் பாடி மூலையில், ரெண்டு தகடு சேருகிற இடுக்கில், சிவப்பாகத் தூள் இறுகிக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேனே தவிர, அது வண்டியின் ஜாதகம் என்று தோன்றவில்லை.

அதேபோல நம்பர் பிளேட்டையும் படிக்கணும். டி.என். 69 தூத்துக்குடி, 65 ராமநாதபுரம், 51 நாகப்பட்டினம். கடலோரத்து வண்டி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. மீன் லோடு, உப்பு லோடு அடித்த வண்டியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் பாடி ஓட்டை வழியாக இறங்கி சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், உள்பக்கத்தை ஏடு ஏடாக உரித்துவிடும். சின்னச் சுத்தியலால் சேஸிஸை நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டங்' என்று பேசும், அரித்த இடம் 'டொப்' என்று அமுங்கும். சேஸிஸ் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எதையோ மூடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம். 700 இளநீர் ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒரு காய் சராசரி இரண்டு கிலோ, ஆக 1,400 கிலோ. ஆமாம், அளவுக்கு மேலே ஏற்றினவன் நானேதான். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பின்பக்கம் 'படார்' என்றது, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. மெயின் பட்டை, அதாவது வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் தகடுகளில் முதல் தகடு, கண் (சுருண்ட முனை) பக்கத்திலேயே முறிந்திருந்தது. வேறு வண்டி பிடித்துக் காயை மாற்றி அனுப்பினதில் அன்றைய வாடகை முழுக்கப் போயிற்று. பட்டை வேலை பார்க்கிற பெரியவர் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எஞ்சின மட்டும் கேட்டுட்டு வண்டி வாங்குனயாக்கும்?" என்றார். முறிந்த இடத்தில் பாதிக்கு மேல் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது, மீதி பளபளவென்று புதுசாக இருந்தது. பாதிப் பட்டை என்றைக்கோ வெடித்துவிட்டது, மிச்சத்தில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டையை வாங்கும் முன்னாலேயே பார்க்க முடியும். சமதளத்தில் வெறும் வண்டியாக நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் பிடியுங்கள். இடதும் வலதும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்கப் பட்டை செத்திருக்கிறது. அடுத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கணும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே பட்டைகளைக் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் வெட்டி ஹவுசிங் (பின் அச்சுக் கூடு) நகர்ந்திருக்கலாம், சேஸிஸ் வளைந்தும் இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் நண்டு மாதிரி கோணலாகப் போவது தெரியும். பட்டைகளுக்கு நடுவே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, டார்ச் அடித்துக் குறுக்கே கோடு மாதிரி துரு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாக சென்டர் போல்ட் ஓட்டையின் பக்கத்திலும் கண் வளைகிற இடத்திலும்.

எனக்கு இரண்டு பக்கமும் மெயின் பட்டை, இரண்டாவது பட்டை, ஷேக்கிள் பின், புஷ், யூ போல்ட் எல்லாம் சேர்த்து 18,500. ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிடலாமே என்று நான் கேட்டதற்குப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது சரிதான். ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் சோர்ந்ததும் இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும். பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டைப் பழையதே போடாதீர்கள். மரை இழுபட்டுப்போன போல்ட் முறுக்கின இடத்தில் நிற்காது. புதுசு போட்ட பிறகு லோடோடு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒரு தடவை முறுக்கியே ஆகணும். இதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் சென்டர் போல்ட் வெட்டுகிறது.

பட்டை மாற்றும்போது "இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுவிடட்டுமா, தாங்கும்" என்று நிச்சயம் ஒருத்தர் கேட்பார். என் வண்டியிலும் முன்னால் வைத்திருந்தவர் சேர்த்திருந்தார். இதில் மூன்று கெடுதல். ஒன்று, வண்டி பின்னால் உயர்ந்துவிடுவதால் கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் சீக்கிரம் தேய்கிறது. முன்னால் போய்க்கொண்டிருந்து ரிவர்ஸ் போட்டால் 'டக்' என்று ஒரு அடி கேட்கும். எனக்கு இரண்டு கிராஸுக்கு 2,600. இரண்டு, பட்டை வளையாமல் நின்றால் அந்த அடி முழுக்க சேஸிஸுக்குப் போகிறது. மூன்றாவதைப் பெரும்பாலான பட்டறையில் சொல்வதே இல்லை. பல பிக்கப்பில் பின் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும், எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். கூடுதல் பட்டை போட்டுவிட்டால் ஒன்றரை டன் ஏற்றினாலும் சேஸிஸ் தாழாது. வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. லோடு முழுக்கப் பின்னால், பிரேக் வேலை முழுக்க முன்னால். இதை நான் வால்பாறை மலையில் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன்னால் சேஸிஸ். பட்டையைக் கழற்றினபோதுதான் பின் பட்டையின் முன் ஹேங்கர் பிராக்கெட் (பட்டையை சேஸிஸில் மாட்டுகிற பிடி) பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு தெரிந்தது. அதன்மேல் யாரோ வெல்டிங் வைத்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய வண்டியில் சேஸிஸ் வெடிக்கிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கேபினுக்கு நேர் பின்னால், பாடி தொடங்குகிற இடம், பிறகு இந்த ஹேங்கர்கள். வெடிப்பின்மேல் சும்மா வெல்டிங் இழுத்தால் நிற்காது. முதலில் வெடிப்பின் கடைசி நுனியில் சின்னதாக டிரில் ஓட்டை போடணும், இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டி அது ஓடிக்கொண்டே இருக்கும். வெடிப்பை வி வடிவில் அறுத்து, உள்ளே நிரப்பி வெல்ட் வைத்து, அதன்மேல் பிளேட் போடுவார்கள். பிளேட்டின் ஓரம் சாய்வாக, மீன் வடிவத்தில் இருக்கணும். சதுரமாக வெட்டி சேஸிஸுக்குக் குறுக்கே நேராக வெல்ட் வைத்தால் அடுத்த வெடிப்பு அந்த வெல்டின் ஓரத்தில்தான் வரும். சேஸிஸின் மேல், கீழ் மடிப்பில் வெல்டிங் படவே கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடும். லாரி சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோனதில் 12,000 ஆயிற்று. கேட் செய்கிற வெல்டிங் கடையில் 3,000-க்கு முடித்துத் தருகிறேன் என்றார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது புத்தி இருந்தது.

இனி மலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மளிகைச் சாமான் மேலே ஏற்றிவிட்டு, இறங்கும்போது ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் பஞ்சாகிப் போனது. இரண்டு, மூன்று தடவை வேகமாக மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும், அடுத்த நிமிஷம் கீழே போகும். செகண்ட் போட்டு, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, சுவர் ஓரமாக அணைத்து நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி ஆனது. கேபினில் அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், அவர் ஒன்றும் பேசவில்லை, கீழே இறங்கினதும் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெடல் பஞ்சாகப் போனால் ஆயில் கொதித்து அதில் ஆவி சேர்ந்திருக்கிறது. பெடல் கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்காவிட்டால் பிரேக் லைனிங் சூடாகிப் பிடிப்பு விட்டிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றணும் என்கிறார்கள். என் வண்டியில் இருந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. பின் வீல் சிலிண்டர் இரண்டும் கசிவு, லைனிங் எண்ணெய் பிடித்துக் கறுத்திருந்தது. சிலிண்டர், லைனிங், டிரம் கடைசல், மாஸ்டர் சிலிண்டர் கிட், புது ஆயில் எல்லாம் சேர்த்து 9,800. கூடுதல் பட்டையைக் கழற்றி, எல்.எஸ்.பி.வி. கம்பியையும் சரியான அளவுக்கு வைத்தோம். பிரேக் லைனில் காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருக்கிறதில் முடிக்கணும். மலையில் ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது எல்லாருக்கும் தெரியும், நேரமாகிவிட்டது என்றால்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

எஞ்சின் பக்கம் அதிகம் சொல்வதற்கில்லை. பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் உண்மை தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாய்மேலேயே வையுங்கள், துள்ளி விழுந்தால் பேக் கம்ப்ரஷன் அதிகம், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே கசிகிறது. நீலப் புகை ஆயில் எரிவது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் கறுப்புப் புகை கக்கினால் ஏர் ஃபில்டரோ நாசிலோ, அது பெரிய பயமில்லை. ரேடியேட்டர் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் கூலன்ட்டே ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது, ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் சேர்த்து 7,200. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனி சூடே ஆகாது" என்பது நம் ஊர்ப் பட்டறைப் பழக்கம். எஞ்சின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடினால் டீசலும் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கிளட்ச்சுக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் மெதுவாகப் பெடலை விடுங்கள், எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டு நின்றால் 11,500 தயார் பண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு அவ்வளவுதான் ஆனது. டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் நன்றாக இருந்தும் என் முன் டயர் இரண்டும் ஆறு வருஷப் பழசு, பக்கவாட்டில் வெடித்திருந்தது. 14,000.

காகித வேலை வேறு விதமான வலி. பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29-ம் 30-ம் கொடுத்தார்கள், நானும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்துவிட்டது, ஆனால் ஃபாரம் 35 கொடுத்து எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கிற கடன் பதிவை, கேன்சல் பண்ணவில்லை. கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கொடுத்த என்.ஓ.சி. எங்கேயோ தொலைந்துவிட்டது. ஓ.டி.பி.யும் முன்னாள் உரிமையாளரின் பழைய மொபைல் எண்ணுக்குத்தான் போனது, அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அவரைத் தேடிப் பிடித்து, புது என்.ஓ.சி. வாங்கி, பெயர் மாற்றி முடிக்க 9,000. நடுவில் பழைய சலான் 7,500 என் தலையில் விழுந்தது. முன்பணம் கொடுக்கும் முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எச்.பி., எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, சலான் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேலே என்றால் பர்மிட்டும் பார்க்கணும், அதற்குள் இருந்தால் பர்மிட் தேவையில்லை. விற்கிறவர்களுக்கும் ஒன்று: பெயர் மாறாதவரை விபத்து நடந்தால் நஷ்டஈட்டு கேஸ் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்மேல்தான் வரும், 2018-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வாங்கினவர் 14 நாளைக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்கணும், பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது.

எஃப்.சி.யை நான் பெரிசாக நினைக்கவில்லை, ரெண்டு மாதம் பாக்கி இருந்தது. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் வருஷா வருஷம். ஆக, எட்டைத் தாண்டின வண்டி வாங்கினால் ஒவ்வொரு வருஷமும் இந்தச் செலவு நிச்சயம், 15-ஐத் தாண்டினால் கட்டணமே பல மடங்கு. டிங்கரிங், பட்டி, பெயிண்ட், முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிர் பட்டை, ஸ்பீடு கவர்னர், லைட், வைப்பர் என்று 21,000-மும் 16 நாளும் போயிற்று. சேஸிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்து எடுக்கும்போது அந்த இடம் துருவில் மறைந்திருந்தால் அதற்கே அரை நாள். வாங்கும் அன்றே அந்த நம்பரை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். டிரைவர் வைக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம், 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டிக்கு கார் ஓட்டுகிற எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதிப்படுத்திவிட்டது. அதிக லோடுக்குச் சட்டப்படி 20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. 150 இளநீர் கூட ஏற்றினால் கிடைக்கிற வாடகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நான் 600-ஐத் தாண்டுவதில்லை.

இப்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது, காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, கிரீஸ் துப்பாக்கிதான். ஷேக்கிள் பின், கிராஸ், ஷாஃப்ட் ஸ்லீவ், நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற வாய்) இருக்கிற இடம் எல்லாவற்றுக்கும் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை அடிப்பேன். மழையில் சேற்றில் ஓடினால் அதற்கு முன்னாலேயே. டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் திருகை மாதம் ஒரு தடவை திறந்து விடுவேன். கீழே கழிவு ஆயில் அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம், ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போகும். ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் புது பேட்டரி வாங்கப் போனவனை எலக்ட்ரீஷியன் தம்பி தடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு ஒரு ஜம்பர் ஒயர் பிடித்தார், உடனே பிடித்துக்கொண்டது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் ஒயர் உளுத்திருந்தது, 150 ரூபாய். மெக்கானிக்கல் பம்ப் என்பதால் எங்கே நின்றாலும் பக்கத்து ஊர் பம்ப்-நாசில் பட்டறையில் சரி பண்ண ஆள் கிடைக்கிறது, பழைய வண்டியை இன்னும் வைத்திருக்க எனக்கு அது ஒன்றே பெரிய காரணம்.

நேற்று கழுவும்போது வலது பின் டிரம் தட்டின் அடியில் ஈரம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், பிரேக் ஆயில் இல்லை, கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தது, பின் அச்சுக்குள் ஊற்றுகிற கிரவுன் ஆயில். ஆக்ஸில் சீல் விட்டிருக்கிறது. லைனிங்கில் ஏறுவதற்குள் மாற்றியாகணும், ஞாயிற்றுக்கிழமை வண்டி பட்டறையில்தான் நிற்கும்.